ஆசிரியர் இல்லாமல் உயர்கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும்: பாடநூல்களை வைத்துத் தானே கற்க ஒரு முழு வழிகாட்டி

பிளஸ் டூவில் கணிதம் நன்றாக வந்தது, பிறகு பொறியியலுக்கோ வணிகவியலுக்கோ போய்விட்டீர்கள், இப்போது வேலையில் இருக்கிறீர்கள். ஆனால் குவாண்டம் இயக்கவியலையும் பொதுச் சார்பியலையும் சமன்பாடுகளோடு புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை விடவில்லை. இந்த வழிகாட்டி உங்களுக்காகத்தான். பொது வாசகர்களுக்கான அறிவியல் புத்தகங்கள் தரும் அறிமுகம் இங்கே இலக்கு அல்ல. ஒரு ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் நிலைகளை நீங்களே தாளில் போட்டு எடுக்க வேண்டும், ஒரு தேற்றத்தை நீங்களே நிரூபிக்க வேண்டும். அதுதான் இலக்கு.

இன்று விளக்கத்துக்குப் பஞ்சம் இல்லை. நல்ல பாடநூல்கள் இருக்கின்றன, உலகின் சிறந்த ஆசிரியர்களின் வகுப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தனியாகப் படிப்பவருக்கு இல்லாமல் போவது திருத்தம். உங்கள் நோட்டை வாங்கிப் பார்த்து, "இந்த வரியிலிருந்து அந்த வரி எப்படி வந்தது?" என்று சிவப்பு மையில் வட்டம் போட ஆள் இல்லை. அதனால் தவறாகப் புரிந்துகொண்ட ஒன்றைச் சரி என்று நம்பியபடியே நூறு பக்கம் கடந்துவிட முடியும். எந்தப் புத்தகத்துக்குப் பின் எந்தப் புத்தகம் என்பதைச் சொல்வதோடு, உங்களை நீங்களே திருத்திக்கொள்வது எப்படி என்பதையும் விரிவாகச் சொல்லப்போகிறேன். இரண்டில் முக்கியமானது இரண்டாவதுதான்.

தானே கற்றவர் என்றதும் நம் எல்லோருக்கும் ராமானுஜன் நினைவுக்கு வருவார். கும்பகோணத்தில் 1903 வாக்கில் அவர் கைக்கு வந்தது கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதத் தொகுப்பு. சுமார் ஐயாயிரம் முடிவுகள் அதில் உண்டு, பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் கிடையாது. ஒவ்வொன்றையும் தன் வழியில் தருவித்துப் பார்த்துத்தான் அவர் வளர்ந்தார். அந்த மனிதர் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியபோது, பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் முன்வைத்த கூற்று சரியாக இல்லை. ஹார்டிதான் அதைச் சுட்டிக்காட்டினார். அப்படிப்பட்ட மேதைக்கே திருத்தம் தேவைப்பட்டது. நாம் அதற்கு முதல் நாளிலிருந்தே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முதல் படி: எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது

தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்வழியிலும் உண்டு. அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அணிகள், கலப்பெண்கள், வெக்டர் இயற்கணிதம், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று நமக்கு வேண்டிய அடித்தளம் ஏறக்குறைய முழுவதும் அங்கே இருக்கிறது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இவற்றைச் செய்து பாருங்கள். எக்ஸ் வர்க்கத்தையும் அடுக்குக்குறிச் சார்பையும் பெருக்கி, பகுதித் தொகையிடல் முறையில் தொகை காணுங்கள். ஒன்றின் மூன்று முப்படி மூலங்களையும் எழுதித் தளத்தில் குறியுங்கள். ஒரு புள்ளிக்கும் ஒரு தளத்துக்கும் உள்ள தூரத்தைச் சூத்திரத்தைப் பார்க்காமல் தருவியுங்கள். நியூட்டனின் குளிர்வு விதியைச் சமன்பாடாக எழுதித் தீருங்கள். நான்கில் இரண்டுக்கு மேல் தடுமாறினால், இரண்டு மாதம் பள்ளிப் புத்தகத்திலேயே இருங்கள். அந்த இரண்டு மாதம் பின்னால் ஒரு வருடத்தை மிச்சப்படுத்தும்.

கணக்குப் போடும் கை வேகம் இந்தத் துறையில் சின்ன விஷயம் இல்லை. சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் தன்னிடம் சேர விரும்பியவர்களுக்கு 'கோட்பாட்டுக் குறைந்தபட்சம்' என்ற தேர்வு வரிசையை வைத்திருந்தார். 1933 முதல் 1961 வரை அதை முழுவதும் தேறியவர்கள் 43 பேர். அதன் முதல் தேர்வு கணிதம்: தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர் கணக்கு. இயற்பியலைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் இயற்கணிதம் குறுக்கே வந்து நிற்கக்கூடாது என்பதுதான் காரணம்.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. பாடநூல் ஆங்கிலம் மிகச் சிறியது. சில நூறு சொற்களும், திரும்பத் திரும்ப வரும் ஒரு சில வாக்கிய அமைப்புகளும்தான். நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு சொல் பட்டியல் வைத்துக்கொண்டால் இரண்டாவது புத்தகத்தில் அது தேவைப்படாமல் போகும்.

இரண்டாம் படி: ஒரு பாடத்துக்கு ஒரு முதன்மை நூல், ஒரு துணை நூல்

தனியாகப் படிப்பவர்களைக் கவிழ்க்கும் முதல் பழக்கம், பிடிஎஃப் சேர்ப்பது. குவாண்டம் இயக்கவியலுக்குப் பதினைந்து புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயத்தை மட்டும் படிப்பது. முதல் அத்தியாயங்கள் எல்லாமே சுகமானவை. ஏழாவது அத்தியாயத்தின் கணக்குகளில்தான் படிப்பு நடக்கிறது.

ஒரு முதன்மை நூலைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் கணக்குகள் இருக்க வேண்டும், எளிதானதிலிருந்து கடினமானதுக்குப் போக வேண்டும், உங்களைப் போலப் பலர் அதைப் படித்திருக்க வேண்டும். இவை மூன்றும் போதும். துணை நூல், முதன்மை நூலில் ஒரு விளக்கம் புரியாதபோது மட்டும் திறப்பதற்கு. அதை வரிசையாகப் படிக்கக்கூடாது.

ஃபெயின்மன் விரிவுரைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்க நினைப்பார்கள். 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் அவர் நடத்திய அந்த வகுப்புகளின் மூன்று தொகுதிகளையும் இணையத்தில் சட்டப்படி இலவசமாகப் படிக்கலாம். இயற்பியலை நேசிக்க வைக்கும் நூல்கள் அவை, எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் அத்தியாய முடிவில் கணக்குகள் இல்லை. அதனால் துணை நூலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தைக் கணக்குகளோடு முடித்துவிட்டு அவரிடம் போனால், அவர் சொல்வதில் பாதியை முன்பு கவனிக்கவே இல்லை என்று தெரியும்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். முக்கியமான பாடநூல்கள் பலவற்றுக்கு இந்தியப் பதிப்பு குறைந்த விலையில் கிடைக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், எழும்பூர் கன்னிமாரா நூலகமும் உண்டு. நூலகத்தில் இரண்டு மூன்று புத்தகங்களில் ஒரே பாடப்பகுதியைப் புரட்டிப் பார்த்து, யாருடைய நடை உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தீர்மானித்த பிறகு வாங்குங்கள்.

மூன்றாம் படி: வரிசை

கணிதமும் இயற்பியலும் பக்கத்தில் பக்கத்தில் போக வேண்டும். 'முதலில் கணிதம் எல்லாம் முடித்துவிட்டு இயற்பியல்' என்று திட்டமிட்டவர்கள் பெரும்பாலும் இயற்பியலுக்கு வந்து சேர்வதில்லை. கணிதத்துக்கு முடிவு கிடையாது. ஒரு சமயத்தில் ஒரு கணித நூல், ஒரு இயற்பியல் நூல். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

தொடக்கத்தில் இயற்பியல் பக்கம் கிளெப்னர், கோலென்கோ எழுதிய இயக்கவியல் நூல். நியூட்டன் விதிகள் நமக்குத் தெரிந்ததுதானே என்று நினைக்க வைத்து, கணக்குகளில் திணற வைக்கும். அந்தத் திணறல் நல்லது. கணிதப் பக்கம் நேரியல் இயற்கணிதம். அணிகளை வைத்துக் கணக்குப் போட கில்பர்ட் ஸ்ட்ராங்கின் எம்.ஐ.டி. வகுப்புகள், பின்பு வெக்டர் வெளிகளைக் கருத்தாகப் புரிந்துகொள்ள ஆக்ஸ்லரின் நூல். ஆக்ஸ்லர் அணிக்கோவைகளைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு ஐகன் மதிப்புகளை விளக்குவார். நான்காம் பதிப்பை அவரே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார். குவாண்டம் இயக்கவியல் முழுவதும் நேரியல் இயற்கணிதத்தின் மேல்தான் நிற்கிறது என்பதால் இந்தப் பாடத்தில் அவசரம் கூடாது.

அடுத்து, நிரூபணம் எழுதக் கற்பது. பொறியியலிலிருந்து வருபவர்களுக்கு இதுதான் பெரிய திருப்பம். ஸ்பிவாக்கின் நுண்கணித நூல் கடினமானது, அழகானது. தெரிந்த நுண்கணிதத்தையே எடுத்துக்கொண்டு, ஏன் உண்மை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அது மிகக் கனமாகத் தோன்றினால் ஆபட் எழுதிய பகுப்பாய்வு (நுண்கணிதத்தை நிரூபணங்களோடு கட்டும் துறை) நூல். அவர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு கேள்வியோடு, நம் உள்ளுணர்வு எங்கே ஏமாறுகிறது என்று காட்டித் தொடங்குவார். ருடினின் புகழ்பெற்ற பகுப்பாய்வு நூலை முதல் நூலாக எடுக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. ஆபட்டுக்குப் பின் அதை எடுத்தால் அதன் இறுக்கமே சுவையாக இருக்கும். முன்பே எடுத்தால் இரண்டாம் அத்தியாயத்தில் நின்றுவிடும்.

இயக்கவியலை முடித்ததும், விசைகளுக்குப் பதிலாக ஆற்றலை வைத்து இயக்கத்தைக் கணக்கிடும் லக்ராஞ்சியன் முறை. டெய்லரின் நூல் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும். அதன் பிறகு லாண்டாவ், லிஃப்ஷிட்ஸ் எழுதிய முதல் தொகுதி. இருநூறு பக்கத்துக்கும் குறைவு, முதல் பக்கங்களிலேயே சிறுமச் செயல் தத்துவத்திலிருந்து தொடங்கிவிடும். ஒரு பாராவுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். அடுத்து மின்காந்தவியலுக்கு கிரிஃபித்ஸ். தானே படிப்பவருக்கு இதைவிட நல்ல பாடநூலை நான் பார்த்ததில்லை. முதல் அத்தியாயம் முழுக்க வெக்டர் நுண்கணிதம்தான். அதைத் தாண்டிப் போகாமல் ஒவ்வொரு கணக்கையும் போட்டால், பன்னிரண்டாம் அத்தியாயத்தில் சிறப்புச் சார்பியல் வரும்வரை கணிதத்தால் தடங்கல் வராது.

வெப்ப இயற்பியலுக்கு டேனியல் ஷ்ரோடரின் நூல். (புலக் கோட்பாட்டின் பெரிய நூலான பெஸ்கின், ஷ்ரோடர் நூலின் இரண்டாமவரும் இவரேதான்.) குவாண்டத்துக்கு முதலில் கிரிஃபித்ஸின் குவாண்டம் நூல், பின் ஷங்கர் அல்லது சகுராய். ஷங்கர் முதல் அத்தியாயம் முழுவதையும் கணிதத்துக்குக் கொடுத்துவிடுகிறார். சகுராய் ஸ்டெர்ன், கெர்லாக் சோதனையிலிருந்து நேராகத் தொடங்குகிறார். ஆக்ஸ்லரை ஒழுங்காக முடித்தவர் சகுராய்க்குப் போகலாம். துணைக்கு, ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் என்பிடெல் இணைய வகுப்புகள். செவ்வியல் இயற்பியலும் குவாண்டம் இயற்பியலும் அவரிடம் கேட்பது தனி அனுபவம். கரும்பலகையில் ஒரு கருத்து எப்படிப் பிறக்கிறது என்று காட்டுவார்.

இதற்கு மேல் வழி பிரிகிறது. பொதுச் சார்பியல் வேண்டுமென்றால் ஹார்ட்டில் அல்லது கரோல். ஹார்ட்டில் முதலில் வளைந்த வெளியில் பொருள்கள் எப்படி நகரும் என்று காட்டிவிட்டு, ஐன்ஸ்டைன் சமன்பாட்டைப் பின்னால் கொண்டுவருகிறார். கரோல் வகையீட்டு வடிவியலை முதலில் கட்டுகிறார், அவருடைய பழைய விரிவுரைக் குறிப்புகள் இலவசம். தூய கணிதம் பிடித்துவிட்டால் ஆர்ட்டினின் இயற்கணிதம், மன்க்ரெஸின் இடவியல். குவாண்டம் புலக் கோட்பாட்டுக்கு கேம்பிரிட்ஜின் டேவிட் டாங் எழுதிய இலவசக் குறிப்புகளில் தொடங்குங்கள், கணக்குத் தாள்களும் கூடவே இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற ஜெரார்டு ஹூஃப்ட் தானே கற்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பாட வரிசையைப் போட்டு வைத்திருக்கிறார். உங்கள் திட்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது

நாவல் படிக்கிற மாதிரி படிக்கக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படியானால் எப்படி? முதலில் அத்தியாயத்தை வேகமாகப் புரட்டுங்கள், எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும். பின்பு பென்சிலோடு உட்காருங்கள். ஒரு தேற்றம் வருகிறது என்றால் கூற்றை மட்டும் படித்துவிட்டு நிரூபணத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் நீங்களே முயலுங்கள். முடியவில்லையா, ஒரு வரி மட்டும் பாருங்கள், மறுபடி மூடுங்கள். முழு நிரூபணத்தையும் பார்க்க நேர்ந்தாலும் நஷ்டம் இல்லை. எந்த இடத்தில் யோசனை தேவைப்பட்டது, எந்த இடம் வெறும் கணக்கு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஒரு வரையறை வந்தால் அதற்குப் பொருந்தும் மூன்று எடுத்துக்காட்டுகளும், பொருந்தாத ஒன்றும் எழுதாமல் அடுத்த பாராவுக்குப் போகாதீர்கள். பொருந்தாததுதான் அதிகம் கற்றுத்தரும். குலம் என்றால் என்ன என்று படித்தீர்கள், சரி. பெருக்கலின் கீழ் முழு எண்கள் ஏன் குலம் இல்லை? எந்த நிபந்தனை உடைகிறது? இரண்டுக்கு முழு எண்ணில் தலைகீழி இல்லை என்று எழுதும்போதுதான் அந்த நிபந்தனை ஏன் வைக்கப்பட்டது என்று உறைக்கும்.

இயற்பியல் நூலில் 'இதிலிருந்து எளிதில் பெறலாம்' என்று ஒரு வரி வந்தால், அதை உங்களுக்கான வீட்டுப்பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எளிது சில சமயம் இரண்டு பக்கம் நீளும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு முறையாவது நிஜ எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் நகரும் வேகம் என்ன? ஒரு கன மீட்டரில் இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை எடுத்து வகுத்தால், நொடிக்கு ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் என்று வரும். விளக்கு மட்டும் உடனே எரிகிறதே, எப்படி? இந்த முரண்பாட்டை நீங்களே கிளப்பி நீங்களே தீர்த்தால் மின்புலம் பற்றிய அத்தியாயம் வேறு வெளிச்சத்தில் தெரியும்.

ஐந்தாம் படி: உங்களை நீங்களே திருத்துவது

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விடை புத்தகத்தின் பின்னால் இருந்தால்கூட, அதைப் பார்ப்பதற்கு முன் உங்கள் விடையை நீங்களே விசாரிக்கப் பழக வேண்டும். ஆராய்ச்சியில் பின்பக்க விடை கிடையாது. அங்கே இருப்பவர்கள் பயன்படுத்துவதும் இதே சோதனைகளைத்தான்.

பரிமாணப் பகுப்பாய்வு பதினொன்றாம் வகுப்பிலேயே படித்ததுதான். இரண்டு பக்கமும் ஒரே அலகா என்று ஒவ்வொரு வரியிலும் பாருங்கள். அதற்கு அடுத்த சோதனைதான் உண்மையில் வலிமையானது: எல்லை நிலைகள். ஒரு கணக்கை வைத்தே காட்டுகிறேன்.

உராய்வற்ற மேசை மேல் ஒரு சாய்தளக் கட்டை, அதன் மேல் உராய்வில்லாமல் ஒரு பெட்டி சறுக்குகிறது. பெட்டி கீழே வரும்போது கட்டை பின்னால் நகரும். அதன் முடுக்கம் என்ன? கணக்குப் போட்டால் ஒரு பின்னம் வரும். தொகுதியில் பெட்டியின் நிறை, புவியீர்ப்பு முடுக்கம், சாய்கோணத்தின் சைன், கொசைன் ஆகிய நான்கின் பெருக்கம். பகுதியில் கட்டையின் நிறையோடு, பெட்டியின் நிறையைச் சைனின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். இது சரிதானா?

கட்டை மலை போலக் கனமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகுதி மிகப் பெரிதாகி முடுக்கம் பூஜ்ஜியமாகும். சரி, மலை நகராது. கோணம் பூஜ்ஜியம் என்றால் பெட்டி சமதளத்தில் சும்மா இருக்கும், சைன் பூஜ்ஜியம், அதுவும் சரி. கோணம் 90 பாகை என்றால் பெட்டி சுவரை ஒட்டி நேராக விழும், கட்டையைத் தள்ளாது. கொசைன் பூஜ்ஜியம், சரி. இப்போது எதிர்ப்பக்கம் போவோம். கட்டைக்கு நிறையே இல்லை என்றால்? சூத்திரம் சுருங்கி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கோணத்தின் கோடேன்ஜென்ட்டால் பெருக்கியது என்று நிற்கும். இதற்கு என்ன பொருள்? நிறையில்லாத கட்டையால் பெட்டியைத் தாங்க முடியாது, பெட்டி நேர்கீழாகத் தடையின்றி விழுகிறது. அது ஒரு மீட்டர் விழும்போது, சரிவு பெட்டிக்கு வழிவிட வேண்டும் என்றால் கட்டை ஒரு மீட்டரைக் கோடேன்ஜென்ட்டால் பெருக்கிய தூரம் விலக வேண்டும். சூத்திரம் சொல்வதும் அதேதான்.

பகுதியில் கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் வந்திருந்தால்? பெட்டியைவிடக் கட்டை லேசாக இருக்கும்போது ஏதோ ஒரு கோணத்தில் பகுதி பூஜ்ஜியமாகி முடுக்கம் முடிவிலிக்குப் போகும். அப்படி நடக்க வழியே இல்லை. ஆக, யாரையும் கேட்காமல் ஒரு குறிப்பிழையைப் பிடித்துவிட்டீர்கள். ஒவ்வொரு விடைக்குக் கீழேயும் இப்படி நான்கைந்து வரி எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள்.

கணித நிரூபணத்துக்கும் இதற்கு இணையான சோதனை உண்டு: கொடுத்த ஒவ்வொரு நிபந்தனையையும் எந்த வரியில் பயன்படுத்தினேன்? மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புக்குள் இருக்கும் என்று ஒரு தேற்றம். நீங்கள் ஒரு நிரூபணம் எழுதிவிட்டீர்கள். அதில் 'மூடிய' என்பதை எங்கேயும் பயன்படுத்தவில்லை என்றால், நிரூபணம் தவறு. ஏனென்றால் அதே வரிகள் திறந்த இடைவெளிக்கும் பொருந்திவிடும். பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒன்று கீழ் எக்ஸ் என்ற சார்போ பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க எந்த வரம்பையும் தாண்டிப் போகிறது. நிரூபணத்தின் ஓரத்தில் ஒவ்வொரு நிபந்தனையையும் எழுதி, பயன்படுத்திய வரிக்கு அம்புக்குறி போடுங்கள். அம்பு இல்லாத நிபந்தனை இருந்தால் ஓட்டை இருக்கலாம், அல்லது தேவையைவிட வலுவான ஒன்றை நீங்கள் நிரூபித்திருக்கலாம். இரண்டில் எது என்று தேடுங்கள்.

மூன்றாவது சோதனை, கணினி. பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும். தனி ஊசலின் அலைவு நேரம் வீச்சைச் சார்ந்தது அல்ல என்று பள்ளியில் படித்தோம். சிறிய வீச்சுக்கு மட்டுமே அது உண்மை. ஒரு மீட்டர் ஊசல் சிறிய வீச்சில் ஒரு முறை ஆடிவர ஏறக்குறைய 2 நொடி. அதையே 90 பாகை தூக்கி விட்டால்? இருபது வரி நிரலில் சமன்பாட்டைச் சிறு சிறு நேரத் துண்டுகளாக ஓட்டிப் பாருங்கள், சுமார் 18 சதவீதம் அதிகமாக வரும். பின்பு தாளில் நீள்வட்டத் தொகையை எழுதித் தொடராக விரித்து, அதே எண் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும்போது கிடைக்கும் உறுதியை எந்த விடைப் புத்தகமும் தராது.

தீர்வுக் கையேடுகள் இணையத்தில் கிடைக்கும். முழு விடையை எழுதி, மேற்சொன்ன சோதனைகளை முடித்த பிறகு திறந்தால் அவை நல்ல ஆசிரியர். அதற்கு முன் திறந்தால் புரிந்துவிட்டது என்ற பொய்யான திருப்தியைத் தந்துவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே விதிதான். 'இந்தக் கணக்கைப் போட்டுக் கொடு' என்று கேட்காதீர்கள். 'என் நிரூபணத்தில் எந்த வரி நிற்கவில்லை?' என்று கேளுங்கள். அது சொல்வதும் சில சமயம் தவறாக இருக்கும், அதையும் இதே சோதனைகளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எழுதிய நிரூபணத்தை ஒரு வாரம் கழித்து எடுத்துப் படியுங்கள். எழுதிய அன்று கண் தானாகவே ஓட்டைகளை நிரப்பிக்கொள்ளும். ஒரு வாரத்தில் அந்த ஞாபகம் மங்கியிருக்கும், 'இது எப்படி வந்தது?' என்ற கேள்வி தானாக எழும்.

ஆறாம் படி: சிக்கி நிற்கும்போது

சிக்கிக்கொள்வதுதான் இந்தப் படிப்பின் இயல்பான நிலை. ஒரு கணக்கில் முக்கால் மணி நேரம் எதுவும் நகரவில்லை என்றால், அதன் எளிய வடிவத்தை எடுங்கள். மூன்று பரிமாணத்தில் கேட்டிருந்தால் ஒரு பரிமாணத்தில், பொதுவான அணிக்குக் கேட்டிருந்தால் இரண்டுக்கு இரண்டு அணிக்கு. அதுவும் வராவிட்டால் முந்தைய அத்தியாயத்தில் ஒரு வரையறை சரியாக உள்ளே போகவில்லை என்று பெரும்பாலும் பொருள். பின்னால் போங்கள். அது வந்து, பெரிய கணக்கு மட்டும் வரவில்லையென்றால், அடையாளம் வைத்துவிட்டு அன்றைக்கு விடுங்கள். மறுநாள் காலையில் வழி தெரிவது பலருக்கும் நடக்கிற விஷயம்.

எல்லாக் கணக்கையும் போட வேண்டுமா? வேண்டாம். ஓர் அத்தியாயத்தில் பாதிக்கு மேல் போட்டு, அதில் கடினமானவை இரண்டு மூன்று இருந்தால் நகரலாம்.

ஏழாம் படி: நேரம்

வேலைக்குப் போகிறவருக்குத் தினமும் ஒன்றரை மணி நேரமும், ஞாயிறு மூன்று மணி நேரமும் கிடைத்தால் நல்லது. அந்த வேகத்தில் கிரிஃபித்ஸின் மின்னியக்கவியல் போன்ற ஒரு நூல் ஆறிலிருந்து எட்டு மாதம் எடுக்கும். பள்ளிக் கணிதத்திலிருந்து புலக் கோட்பாட்டின் வாசல் வரை வர ஆறேழு வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் இளநிலையும் முதுநிலையும் முழுநேரமாக ஐந்து வருடம் படிக்கிறார்கள், அதனால் இது நியாயமான காலம்தான்.

வயதைப் பற்றி யாராவது கேட்டால் ஜார்ஜ் கிரீனைச் சொல்லுங்கள். நாட்டிங்காமில் அப்பாவின் மாவு மில்லைப் பார்த்துக்கொண்டவர், பள்ளிக்குப் போனது சிறுவயதில் ஏறக்குறைய ஒரே வருடம். மின்சாரம், காந்தவியல் பற்றிய தன் கட்டுரையை 1828இல் சந்தா சேர்த்து வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு 40 வயது. புலக் கோட்பாடு வரை நீங்கள் போகும் வழியெல்லாம் கிரீன் சார்பு என்ற பெயரில் அவர் கூட வருவார்.

எட்டாம் படி: வெளியே ஓர் அளவுகோல்

வருடத்துக்கு ஒரு முறையாவது உங்களை அறியாதவர்கள் வைத்த தேர்வில் உங்களை நிறுத்திப் பாருங்கள். ஐ.ஐ.டி. முதுநிலை அறிவியல் சேர்க்கைக்கான ஜாம் தேர்வின் பழைய கணித, இயற்பியல் வினாத்தாள்கள் விடைக் குறிப்போடு கிடைக்கின்றன. அதற்கு மேல், ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட், ஜெஸ்ட் தேர்வுகள். கடிகாரம் வைத்துக்கொண்டு முழுத் தாளையும் எழுதுங்கள். எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைகிறதோ அங்கேதான் நீங்கள் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம். இன்னும் கல்லூரியில் இருக்கும் மாணவர்கள், 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். கோடைக் கணித முகாமுக்கு விண்ணப்பியுங்கள். கரும்பலகை முன் நின்று ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லப் பழக அதைப் போன்ற இடம் நம் நாட்டில் குறைவு.

மாதம் ஒரு முறை யாரிடமாவது ஒரு தேற்றத்தை விளக்கிச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. ஒரே ஒரு நண்பர் போதும். அவருக்குத் துறை தெரியவேண்டும் என்றுகூட இல்லை, 'ஏன்?' என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

ஒன்பதாம் படி: முதல் மூல ஆய்வுக்கட்டுரை

கிரிஃபித்ஸின் பன்னிரண்டாம் அத்தியாயத்தை முடித்த வாரமே ஐன்ஸ்டைன் 1905இல் எழுதிய சார்பியல் கட்டுரையை எடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. ஒரு காந்தமும் ஒரு கடத்தியும் ஒன்றையொன்று நெருங்கும் காட்சியோடு தொடங்கும். முதல் பாதிக்குப் பள்ளி இயற்கணிதமும் பகுதி வகைக்கெழுவும் போதும். இரண்டாம் பாதியில் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் கூறு கூறாக எழுதப்பட்டிருக்கும். அவற்றை நீங்கள் வெக்டர் வடிவத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டே போக வேண்டும். கடைசிப் பகுதியில் எலக்ட்ரானின் இயக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது, இயங்கும் திசைக்குக் குறுக்கே எலக்ட்ரானுக்கு ஒரு நிறையைத் தருகிறார். கிரிஃபித்ஸில் படித்த உந்தத்தை வைத்து அதையே நீங்கள் கணக்கிட்டால் அவருடைய விடை வராது. உங்கள் கணக்கில் பிழை இல்லை, அவருடைய இயற்கணிதத்திலும் பிழை இல்லை. அவர் விசையை எப்படி வரையறுத்தார் என்று பாருங்கள், 1906இல் மேக்ஸ் பிளாங்க் அதை எப்படி மாற்றினார் என்று பிறகு தேடிப் படியுங்கள். பிளாங்க்கிடம் போவதற்கு முன் இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள காரணி எது, அது எந்த வரியில் நுழைந்தது என்று உங்கள் நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.